அணைத்து வைத்த அலாரம்

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு ‘ரெண்டுதரம் அக்கா’ என்றுதான் பெயர். மயக்க மருந்துப் பிரிவில் இருபத்திரண்டு வருட டெக்னீஷியன். சிலிண்டரை ஒருமுறை திறந்து பார்த்தால் போதாது, மூடிவிட்டு மறுபடி திறப்பாள். வீட்டிலும் அதே கதைதான். பாதித் தெரு போனபிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். “நான் மூச்சு விடுறேனான்னுகூட ரெண்டுதரம் பாத்துட்டுத்தான் படுப்பா” என்று கணவர் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். பயந்தவள் கையில்தான் நோயாளி பத்திரம் என்பது என் கட்சி.

ஆனால் பயந்தவளுக்கும் சலிப்பு வருமே. நோயாளிக்குப் போகும் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் கருவி ஒன்று மயக்க மெஷினில் உண்டு. அதன் சென்சார் பழசாகி, ஒரு மாதமாகக் காரணமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. புதுசு கேட்டு மூன்று கடிதம் எழுதினாள். கிணற்றில் போட்ட கல். புலி வருது புலி வருது என்று தினமும் கூவினால் யார் ஓடி வருவார்கள்? அந்தத் திங்கட்கிழமை காலை மெஷினைப் போட்டதுமே அது அலறியது. சனியன் என்று திட்டிக்கொண்டே சத்தத்தை அணைத்தாள்.

முந்தின நாள்தான் கூரைக்கு மேலே வாயுக் குழாய்களைப் பழுது பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்துப் போயிருந்தார்கள். அவளும் சுவர் இணைப்பில் அழுத்தம் பார்த்தாள். முள் சரியாக நின்றது. வருவது எந்த வாயு என்று முள் சொல்லாது.

முதல் நோயாளி, தையற்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. பித்தப்பையில் கல். பயமாக இருக்கிறது என்றார். பக்கத்திலேயே நிற்கிறேன் என்று இவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

மயக்கம் கொடுத்து, டாக்டர் மூச்சுக்குழாயில் ட்யூபைச் செருகினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றைந்து காட்டியது. பிறகு எண்பத்தொன்பது, எண்பது. ட்யூப் உணவுக்குழாயில் போய்விட்டதோ என்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நெஞ்சின் இரண்டு பக்கமும் காற்று ஏறியது. ஆக்ஸிஜனைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். எழுபத்திரண்டு. அந்த அம்மாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

கூட்டக் கூட்டக் குறைகிறதே என்று நினைத்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காலையில் மெஷினில் அலறிய கருவி பொய் சொல்லவில்லை. மேலே குழாய்களை மாற்றி இணைத்துவிட்டார்கள். ஆக்ஸிஜன் குழாயில் வருவது நைட்ரஸ், மயக்க வாயு.

மெஷினுக்குப் பின்னால் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்தாள். எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அறுபத்திரண்டு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுவரிலிருந்து வரும் அழுத்தம் அதிகம். அந்தக் குழாய் மாட்டியிருக்கும்வரை சிலிண்டர் திறந்தும் திறக்காத மாதிரிதான். இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆனாலும் பதற்றத்தில் இரண்டு நொடி மறந்துபோனது. நினைவு வந்ததும் யாரையும் கேட்கவில்லை.

“லைனைக் கழட்டுறேன் சார்” என்று சொல்லும்போதே குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

ஐம்பத்தெட்டு. எண் அங்கேயே நின்றது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். அறுபத்துநான்கு வந்தது. எழுபத்தாறு. தொண்ணூறு வந்தபோதுதான் தன் முதுகு நனைந்திருப்பது தெரிந்தது.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அந்த அம்மா நல்லபடியாகக் கண்விழித்தார். உயிரைக் காப்பாற்றினாய் என்று ஆளாளுக்கு இவளைப் பாராட்டினார்கள். ஒவ்வொன்றும் நெஞ்சில் தைத்தது. அலாரத்தை அணைத்தது தான்தான் என்று டாக்டரிடம் சொன்னாள். அறிக்கையில் எழுதச் சொன்னார், எழுதினாள். அப்போதும் மனசு ஆறவில்லை. குழாய் மாறியதை டாக்டர் நோயாளியிடம் சொல்லியிருந்தார். அலாரம் தன் தப்பு, அதைத் தானே சொல்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் வார்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“நான் பொழைக்காம போயிருந்தா, இதை என் பையன்கிட்ட வந்து சொல்லியிருப்பியாம்மா?”

சொல்லியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலம்மா” என்றாள்.