டிரையர் போட்ட சுருதி

சலவைக்கடைக்காரிக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கட்டிக்கொண்டதோ ஒரு கீபோர்டு வாத்தியாரை! கடைக்குப் பின்னறையில் அவர் இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முன்பக்கம் இவள் ஊரார் அழுக்கை வெளுத்தாள். எல்லாம் அதே ஏழு கட்டைதானே, அதற்கு எதற்கு இத்தனை பெயர் என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தாள். மனிதர் சோற்றை ஆறவிட்டு விளக்கினார். மேஜர் ஸ்கேல் ஒன்றும் மற்றதற்கெல்லாம் ராஜா இல்லையாம். அதே ஏழு வெள்ளைக் கட்டைகள் 'ச'வில் வந்து உட்கார்ந்தால் மேஜர், கேட்கச் சந்தோஷம்; 'த'வில் வந்து உட்கார்ந்தால் மைனர், கேட்க அழுகை. ஏழுக்கு ஏழு இருக்கை, மேஜரும் அதில் ஒன்றுதானாம். இவள் ஆமாம் ஆமாம் என்று ஒரு சட்டைக் காலரில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலு மாதத்துக்கு முன் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார், ஆகையால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. மிஞ்சியது ஒரு முனகல். துணி உலர்த்தும் பெரிய டிரையருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் நாளெல்லாம் ஏற்றி இறக்கி முனகுவார். துணி வாங்க வந்தவர்கள் பாவம், பாவம் என்றுவிட்டுப் போவார்கள். அழுகிறார் என்றே இவளும் நினைத்தாள். தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், தலையணையை மாற்றிப் பார்த்தாள், ஒன்றுக்கும் அது நிற்கவில்லை.

அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போய் வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினாள். நாத்தனார் கெட்டவள் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவளாயிருந்தால் நாலு வார்த்தை கேட்டு அனுப்பிவிடலாம். அவள் வீட்டில் தோட்டம் உண்டு, அமைதி உண்டு. இங்கே இருப்பது சோப்பு வாடையும் இரைச்சலும்தான். அவர் இல்லாத கடையை நினைத்தால் இவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் நாளெல்லாம் அழுகிற மனிதரை இங்கேயே இருக்கட்டும் என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை டிரையரின் பெல்ட் அறுந்தது. மெக்கானிக் வந்து பிரித்துப்போட்டார். கடை அமைதியானது, வாத்தியார் மட்டும் நிறுத்தவில்லை. அதே முனகல்தான், ஆனால் அழுகையைக் காணோம்! குளிக்கும்போது வாய்க்கு வந்ததைப் பாடுகிறவரைப்போல இருந்தது. பெல்ட்டை மாட்டி சுவிட்சைப் போட்டதும் மறுபடி அழுகை. நிறுத்தச் சொன்னாள்; பாட்டு. போடச் சொன்னாள், அழுகை. நாலாவது தடவை மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பிரச்சினை மெஷினிலா வேறெங்காவதா என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார்.

அவள் பின்னறைக்கு ஓடினாள். பிள்ளைகளுக்காக அவர் கட்டைகளின்மேல் எழுத்து ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றாக அமுக்கி டிரையரின் இரைச்சலோடு ஒத்துப்பார்த்தாள். 'த'. சண்டாள மெஷின் நாளெல்லாம் 'த'வையே பிடித்துக்கொண்டு, அவர் பாட்டையும் அங்கேயே இழுத்து உட்காரவைத்திருக்கிறது. அன்று சோப்புக் கையோடு ஆமாம் போட்ட விஷயம் இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்ததும் டிரையரை நிறுத்தி, வாத்தியாருக்கு முன்னால் கீபோர்டை வைத்தாள். அவர் முனகும்போது 'த'வை அமுக்கிப் பிடித்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு 'ச'வைப் பிடித்தாள்; அதே முனகல் பாட்டாகிவிட்டது. நாத்தனார் திகைத்துப் பார்த்தாள்.

"அவர் அழல, அண்ணி. மெஷின்தான் அப்படிக் கேக்க வெச்சிருக்கு."

நாத்தனார் ஏமாளி இல்லை. "ரெண்டையும் அமுக்கினது நீதானேம்மா? அவன் எதுல உட்கார்ந்து பாடறான்னு உனக்கெப்படித் தெரியும்?"

தனக்குப் பிடித்ததைத் தானே அமுக்கிக்கொண்டோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அவருடைய இடது கையை எடுத்துக் கட்டைகளின்மேல் வைத்தாள். 'த'வை அமுக்கினால் அனுப்பிவிடுவது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டாள்.

விரல் தடவித் தடவி 'த'வில் போய் நின்றது. முனகினார். சந்தேகமே இல்லை, அழுகைதான். பழி போட இப்போது டிரையரும் ஓடவில்லை. நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள்.

அப்புறம் விரல் எழுந்தது. ஒரு கட்டையைத் தாண்டி 'ச'வில் உட்கார்ந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம். வாயின் இடது ஓரம் சிரித்தது. மறுபடி 'த'வுக்குப் போய், மறுபடி 'ச'வுக்கு வந்தார்.

"என்னதான் சொல்றான்?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டும்தானாம், அண்ணி. அழுகையும் இருக்கு, சிரிப்பும் இருக்கு. எனக்கும் ரெண்டும்தான்."

பதினாலு மாதத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள், சொல்லிவிட்டு அடக்கமாட்டாமல் அழுதாள். வாத்தியார் அவள் கையைப் பிடித்து இழுத்து, அவள் விரலை 'ச'வின்மேல் வைத்து அழுத்திவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

நாத்தனார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"விரலை எடுத்துடாதம்மா. நான் மட்டும் கிளம்பறேன்."