ரப்பர் வாசனை அடித்த பார்சல்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இப்போதும் இருக்கும் இதே வாடகை வீட்டில்தான் நடந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் கணவரை அவருடைய கம்பெனி குஜராத்தில் தொடங்கிய புது ஆலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே உற்பத்தி லைன் ஓட ஆரம்பித்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குத் துணையாக மாமியார் வாலாஜாபாத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். நான் வல்லம் வடகாலில் வாஷர், கேஸ்கெட் போன்ற ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது என் வேலை.

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். என்னைப் போல் யாராவது ஒருத்தி இதைப் படிப்பாள் என்ற எண்ணம்தான் கடைசியில் ஜெயித்தது.

எனக்குச் சுகப்பிரசவம்தான். ஆனால் தையல் போட்ட இடம் ஆறிய பிறகும், கணவரோடு சேரும்போது வலித்தது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் பக்கத்தில் வந்து படுத்தாலே என் உடம்பு விறைத்துக்கொள்ளும். அவரும் அதைக் கவனித்து விலகிவிட்டார். நான் ஏன் என்று சொல்லவில்லை, அவர் ஏன் என்று கேட்கவில்லை. குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தோம். அவர் குஜராத் கிளம்பிய அன்று எனக்கு அழுகை வந்தது. கூடவே, அப்பாடா என்றும் இருந்தது. அந்த ‘அப்பாடா’தான் என்னைப் பயமுறுத்தியது. இப்படியே விட்டால், அவர் திரும்பி வரும்போது ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர்கள் மாதிரி ஆகிவிடுவோம் என்று தோன்றியது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அவர் பரிசோதித்துவிட்டு, “உள்ள எல்லாம் எப்பவோ ஆறிடுச்சும்மா. பயம்தான் இன்னும் இருக்கு. வீட்ல தனியா இருக்கும்போது, அவசரமில்லாம நீங்களே பழகிப் பாருங்க. அதுக்குன்னு கருவிங்க கிடைக்குது. வலிச்சா நிறுத்திடுங்க” என்றார். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, “சந்தோஷமா இருந்துதுன்னா அதுக்காக பயந்து நிறுத்திடாதீங்க” என்று சேர்த்துச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஆன்லைனில் தேடினேன். மருத்துவக் கருவிகள் எங்கள் ஆய்வகத்தில் துளையின் அளவு பார்க்கும் உருளைகளைப் போலவே இருந்தன. வேலையிடத்தையே வீட்டுக்குக் கொண்டுவருவது போலிருந்தது, பிடிக்கவில்லை. ஊதா, ரோஜா என்று விளையாட்டுச் சாமான் போலவும் சில இருந்தன. அவற்றுக்கு நடுவில்தான், ஆணுறுப்பை அப்படியே வார்த்தெடுத்தது போன்ற ஒன்றைப் பார்த்தேன். என் பயம் நிஜத்தைக் கண்டுதானே, நிஜம் போன்றதோடுதான் பழக வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. பிரசவத்தோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த ஆசை அது.

ஆனால் வாங்கிய விதம்தான் மோசம். யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பது போன்ற படபடப்பில், இருப்பதிலேயே மலிவான ஒன்றை அழுத்திவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். மருத்துவத் தரச் சிலிகான் என்று போட்டிருந்ததை மட்டும் படித்தேன். அளவு என்ன என்றுகூடப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் வரைபடம் இல்லாமல் ஒரு வாஷரைக்கூட உள்ளே விடாதவள் நான்.

பார்சல் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“செருப்பு வாங்கினியா?”

“ஏன் அத்தை?”

“புதுச் செருப்பு வாசனை அடிக்குதே. உன் பொண்ணு மோந்து மோந்து பாத்துக்கினு இருந்தா, புடுங்கி மேல வெச்சேன்.”

“ஆமா அத்தை, செருப்புதான்.”

“காட்டு, பாக்கலாம்.”

“அளவு தப்பா வந்துடுச்சு. திருப்பி அனுப்பணும்.”

“இன்னும் பிரிக்கவே இல்ல. அளவு தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

கடைக்காரர்களே தகவல் அனுப்பிவிட்டார்கள் என்று ஏதோ உளறிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். பிரித்துப் பார்த்தால் என் பொய் பலித்திருந்தது. அளவு உண்மையிலேயே தப்பு. பயத்தைப் போக்க வாங்கிய பொருள், பார்த்ததுமே பயத்தைக் கூட்டியது. அதைவிட அந்த வாசனை. தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. சிலிகானைத் தினமும் கையில் எடுக்கிறேன், அது இப்படி நாறாது. ஆனாலும் மனம் இரண்டாகப் பேசியது. மருத்துவத் தரம் என்று போட்டிருக்கிறார்களே, புதுசு என்பதால் வாசனை வருகிறதோ? மறுபடி பார்சல் வந்தால் மாமியாரிடம் என்ன சொல்வது? கழுவிவிட்டு இதையே பயன்படுத்திப் பார்த்தால் என்ன?

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சப்ளையர் தரும் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, சரக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி நாங்களே சோதிப்போம். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், அடிப்பாகத்திலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி ஒரு பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். அதை வீட்டு அடுப்பிலேயே எரித்துப் பார்த்திருக்கலாம் என்பது கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண் இருந்தாள். என்னைவிட இளையவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, உள்ளூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். கவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது? எந்த சப்ளையர்?”

“புது சப்ளையர். சிலிகான்னு சொல்றான். எரிச்சுப் பாக்கணும்.”

“லாட் நம்பர்?”

“அதெல்லாம் இல்ல. சும்மா ஒரு சாம்பிள்.”

“தோல் கலர்ல எவன்க்கா கேஸ்கெட்டு போடறான்?” என்றாள்.

நான் பர்னரைப் பற்றவைத்தேன். அவளும் அதற்கு மேல் கேட்காமல், புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் இடுக்கியில் பிடித்து அதைத் தீயில் காட்டினாள். நல்ல சிலிகான் எரிந்தால் வெண்புகை விட்டு, வெள்ளைச் சாம்பலாக நிற்கும். இது பற்றியதுமே கரும்புகை விட்டு, உருகிச் சொட்டியது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் சூப்பர்வைசர் வந்தார்.

“என்னம்மா, டயரை எரிச்ச மாதிரி நாறுது? என்ன பார்ட் அது?”

மாட்டினால் வேலை போகாது. ஆனால் பஸ்ஸில், கேன்டீனில், லைனில் என்று என் பெயர் எப்படி எப்படியெல்லாம் உருளும் என்பது கண்முன் ஓடியது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

“பார்ட் இல்ல சார். பொம்மை. அக்கா பாப்பாவுக்கு வாங்கினது. பாப்பா வாயில வெக்குதாம், நல்ல ரப்பரான்னு டவுட்டு.”

சொந்தப் பொருளை ஆய்வகத்தில் எரித்ததற்குத் திட்டுவார் என்று நின்றேன். அவரோ குனிந்து, சொட்டிக் கிடந்ததைப் பார்த்தார்.

“ஐயையோ. என் பையனும் கெடைச்சதெல்லாம் வாயில வச்சிக்கிறான். எங்க வாங்கினீங்க?”

“ஆன்லைன்ல சார்.”

“லிங்க் அனுப்பி வைங்க. அதை மட்டும் வாங்காம இருக்கேன்.”

அவர் போன பிறகு, அவள் இடுக்கியைத் துடைத்து வைத்தாள்.

“ரிஜெக்ட்டுக்கா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். ஆனா பாப்பாவுக்குன்னு இப்டி ஒண்ணு வந்திருந்தா, வூட்டுக்குள்ள வுட்டிருப்பியா நீ?” என்று கேட்டாள்.

நிச்சயமாக விட்டிருக்க மாட்டேன். மகளுக்குப் பால் புட்டி வாங்க நாள்கணக்கில் படித்தவள் நான். எனக்கென்று வரும்போது, உடம்புக்குள் போகிற பொருளைப் படிக்காமல் வாங்கி, நாறுகிறது என்று தெரிந்தும் கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசித்திருக்கிறேன். அந்தப் பெண் அன்று முழுவதும் என்னைப் பார்த்து ஒரு கேலிச் சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை அவளாக எடுத்ததும் இல்லை.

அந்தப் பொருளைத் துண்டு துண்டாக வெட்டி, மகளின் டயப்பருக்குள் சுருட்டிக் குப்பையில் போட்டேன். டயப்பர் சுருளைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் உலகத்தில் கிடையாது.

இரண்டாவது முறை வாங்கும்போதும் வெட்கப்பட்டேன்தான். ஆனால் அவசரப்படவில்லை. எதில் செய்தது என்று தெளிவாகச் சொன்ன கடையில் பார்த்தேன். அளவை முதலில் படித்து, ஸ்கேலை வைத்துத் தாளில் வரைந்தும் பார்த்துவிட்டு, சிறியதையே தேர்ந்தெடுத்தேன். உருவம் மட்டும் முதலில் ஆசைப்பட்டது போலவே, நிஜம் போல. அடிப்பாகம் அகலமாக இருந்தால் பாதுகாப்பு என்று படித்து அதையும் கவனித்தேன். தண்ணீரில் கரையும் வழுவழுப்பு ஜெல் ஒன்றும் வாங்கினேன். சிலிகானுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். பார்சல் என் கைக்கே வரும்படி விடுமுறை நாளில் வரவழைத்தேன். பிரித்ததும் முகர்ந்தேன். எந்த வாசனையும் இல்லை.

வார விடுமுறையில் மாமியார் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய் வருவார். அந்த மதியங்கள் எனக்குக் கிடைத்தன. முதல் நாள் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவே பாதி நேரம் போனது. சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு படுத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவ்வளவுதான். அடுத்த வாரம் கொஞ்சம் முயன்றேன், வலி வரப்போகிறது என்று தோன்றியதும் நிறுத்தினேன். நிறுத்த முடிகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. இதற்குமுன் எப்போதும், இன்னொருவர் மனம் கோணுமே என்று நான் நிறுத்தச் சொன்னதில்லை.

பிறகு ஒரு மதியம், வெளியே மழை பிடித்திருந்தது. வலிக்குமா என்று கவனித்துக்கொண்டே இருந்தவள், எந்த நேரத்திலோ கவனிக்க மறந்துவிட்டேன். உடம்பு தானாக இளகியது. மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு வந்த சுகம், கல்யாணமான புதிதில்கூட நான் அறியாதது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேன். பிறகு பயங்கரமாகப் பசித்தது. எழுந்து போய், காலையில் மிஞ்சிய இட்லியை எல்லாம் பொடி தொட்டுத் தின்றேன்.

அன்று மாலையே குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொண்டது. இது அவருக்குச் செய்யும் துரோகமா? அவருக்காக ஆரம்பித்து எனக்காக ஆக்கிக்கொண்டேனா? மறைத்து வைத்தால் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தது போலத்தான் ஆகும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலி, டாக்டர், பார்சல், எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார். “அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார். மறுநாள்வரை கூப்பிடவில்லை. என் வாயாலேயே என் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மாலை கூப்பிட்டார்.

“கோவம்னு நெனச்சியா? கோவம் இல்ல. உனக்கு இவ்ளோ நாள் வலிச்சிருக்கு. நான் பக்கத்துல படுத்துக்கினு, ஏன்னு ஒரு வார்த்த கேக்கலியேன்னு இருந்துச்சு. அதான் பேச்சே வரல.”

நான் அழுதேன்.

“இப்ப வலிக்கலியே?”

“இல்லங்க.”

பிறகு தயங்கித் தயங்கி, “சரி, ஒண்ணு கேக்கறேன். அது பெருசா, நானா?” என்றார்.

“இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் அனுப்பட்டுமா?” என்றேன். அவர் சிரித்தது மாமியாருக்குக் கேட்டிருக்கும்.

அவர் திரும்பி வந்த பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் ‘கொஞ்சம் நில்லுங்க’ என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, அவருக்கு நிற்கத் தெரிந்திருந்தது. அவர் நைட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் எனக்கென்று ஒரு நேரத்தை இப்போதும் வைத்துக்கொள்கிறேன். அதையும் அவரிடம் மறைப்பதில்லை. எனக்கு வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே டாக்டரிடம் கேட்கலாம், வெட்கப்பட்டுக்கொண்டே கணவரிடம் சொல்லலாம், அது போகட்டும் என்று காத்திருந்திருந்தால் என் வாழ்நாள் வலியோடேயே போயிருக்கும் என்று இப்போது புரிகிறது.