பனியில் விட்டுவந்த கால்

எனக்கு வயது எண்பத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர். மூன்றாமவன் குமரேசனும் பட்டாளத்துக்குத்தான் போனான். கையோ காலோ இழந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். பேத்தி எழுதுகிறாள்.

வடக்கே மலை உச்சியில் காவலுக்கு நின்றவனுக்குப் பனிக்கடி (கடுங்குளிரில் ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது) வந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் வந்த அன்று ஊரே மாலையோடு வந்தது. "நாட்டுக்குக் குடுத்த காலும்மா" என்றார்கள். நான் தலை நிமிர்ந்துதான் நின்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாலை வாடுவதற்குள் வலி ஆரம்பித்தது. இல்லாத காலில்.

"வெரலுங்க உள்ள மடங்கிக்கினு இருக்குதும்மா. நிமித்தி வுடேன்."

எங்கே தொட்டு நிமிர்த்துவேன்? கல்வராயன் மலையடிவாரத்தில், ஓடு காய்கிற வெயிலிலும் அவனுக்கு அந்தக் கால் சில்லிட்டது. மணலை வறுத்துத் துணியில் கட்டி, கட்டிலில் கால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். சில நாள் கேட்டது. சில நாள் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சி டாக்டர் இதை மாய உறுப்பு வலி (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நினைப்பது) என்றார். "நடிக்கலம்மா, வலி நெஜந்தான். செயற்கைக் கால் மாட்டி நடந்தா கொறையும்." விரல் மடங்கிக் கிடக்கும்போது எப்படி ஊன்றுவது என்று அவன் கேட்டான். செயற்கைக் கால் வந்த பெட்டி கட்டிலடியிலேயே கிடந்தது.

எதிர்வீட்டு அஞ்சலை ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கால இன்னா பண்ணாங்கக்கா? கோணலா பொதச்சிருந்தா இப்படித்தான் இழுக்கும்."

அதோடு என் தூக்கம் போயிற்று.

இட ஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்த வருடம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. வலி மாத்திரையும் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் திருநாவலூரிலிருந்து சகாதேவன் வந்தான், பாதி தூரம் மாட்டு வண்டியிலும் பாதி நடந்தும். குமரேசனோடு காவல் நின்றவன். அதே பனியில் அவனுக்கு வலது கை போயிருந்தது.

"மறியல் பண்றவங்க உட்டாங்களாப்பா?"

"ரெண்டு கையும் தூக்குடான்னானுங்க. ஒண்ணுதான் கீதுன்னேன். வழி வுட்டானுங்க."

இடது கையால் சாப்பிடக் கூசினான். நான் உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அவன் தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டேன். "அவன் கால இன்னாப்பா பண்ணாங்க?"

தரையைப் பார்த்தான். "நான்தாம்மா பொதச்சேன். துணி சுத்தி, நேரா, வெரலெல்லாம் நிமிந்தாப்புல. மேல ஒரு கல்லும் வச்சேன்."

நினைவில்லாமல் கிடந்த இருவரையும் ஒரே ஹெலிகாப்டரில் மலையிலிருந்து இறக்கினார்கள் என்று குமரேசன் முன்பே சொல்லியிருந்தான். ஒற்றைக் கையால் எப்படிக் குழி தோண்டினாய் என்று நான் கேட்கவில்லை.

"உன் கை எப்படிப்பா கெடக்குது?" என்றேன்.

அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. சிரித்தான். "அது சும்மா கெடக்குதா? பீடி கேக்குது."

"எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுடா அந்தக் கைய" என்றான் குமரேசன். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. அன்று காலுக்கும் கைக்கும் சேர்த்தே எண்ணெய் காய்ச்சினேன்.

மறுநாள் சகாதேவன் பெட்டியைக் காலால் இழுத்தான். "மாட்டுடா. நேராத்தான் வச்சேன்னு சொல்றன்ல."

குமரேசன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பொய் என்று அவனுக்கும் தெரியும். காலை எடுத்து மாட்டினான். சகாதேவனின் தோளைப் பிடித்து எழுந்து நின்றான்.

வலி நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. இன்றும் மழைக்காலத்தில் வரும். விரல் மடங்கியிருக்கிறது என்று மட்டும் அவன் அதன்பிறகு சொன்னதில்லை. நாட்டுக்கு உழைத்ததற்கு ஊர் மாலை போட்டது. சகாதேவன் சொன்ன பொய்க்கு நான் என்ன போடுவேன்?

இப்போது எனக்குச் சர்க்கரை. பாதங்கள் மரத்துவிட்டன. கால் போனவனுக்குக் குளிர்கிறது. எனக்குத் தரை சுடுவதுகூடத் தெரியவில்லை. புண் வந்திருக்கிறதா என்று தினமும் என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பவன் குமரேசன்தான். பார்த்துவிட்டு, "வெரலெல்லாம் நேராத்தாம்மா கீது" என்பான்.

இன்னாடி, எழுதிட்டியா? அந்த பீடி கேக்குற எடத்துலருந்து இன்னொரு தபா படி.