சுவரிலிருந்து பதினான்கு அங்குலம்

லிஜி பெங்களூருக்குப் புறப்பட்டுப் போன நான்காம் நாள் பால் திரிந்தது. இட்டியவிரா பழியைப் பால்காரன் மேல் போட்டார். மறுநாள் மீன்குழம்பு நுரைத்தபோது பழி போட ஆள் கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து கையை உள்ளே நீட்டினார். நெல் பத்தாயத்துக்குள் கைவிட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது.

மனைவி சோசாம்மா இறந்த நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் மகள் லிஜி இரண்டு நாள் தங்கிச் சமைத்து, பத்து டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி அடுக்கிவைத்தாள். படகேறும்போது சொன்னாள்:

"பத்து நாள் கழிச்சு வருவேன் அப்பச்சா. ஒழுங்கா எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருந்தீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா திரும்பறது ரெண்டு டிக்கெட்டாத்தான்."

அவள் வீடு பதினோராம் மாடியில். அங்கே போனால் மண் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். இட்டியவிரா முப்பத்தொரு வருஷம் குட்டநாட்டு வயல்களில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். எல்லைக்கல் ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். சூடு பண்ணிச் சாப்பிடுவது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் தலையாட்டியிருந்தார்.

ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவனுக்குப் போன் போட்டார். "வெள்ளம் வடியட்டும் சாரே. வண்டியை நான் கோயில் படிமேல ஏத்தி வெச்சிருக்கேன்" என்றான்.

எனவே தானே இறங்கினார். உள்ளே இருந்த குளிர் கூட்டும் குமிழை மூன்றிலிருந்து ஏழுக்குத் திருப்பினார். மேலே ஐஸ் பாறையாக ஏறியது. கீழே தக்காளிக்கு வியர்த்தது. அணைத்துப்போட்டு ஐஸை உருக வைத்தார். ஒரு பகல் முழுக்கத் தரையில் தண்ணீர் துடைத்ததுதான் மிச்சம். கதவு ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவினார். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தார். நான்கு பக்கமும் இறுகப் பிடித்தது. ரப்பரில் குற்றமில்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. ஒரு கிழிசலாவது இருந்திருந்தால் அதன் மேல் கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஃப்ரிட்ஜ் பெட்டி மட்டும் நிறுத்தாமல் முனகிக்கொண்டே ஓடியது.

கெட்டுப்போன டப்பாக்களைப் பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் வளர்க்கும் வாத்துகளுக்குக் கொட்டினார். தோணியைக் கட்டிக்கொண்டே பொன்னப்பன் எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு என்ன சாரே?"

"நாளைத் தேதி போட்ட கறி."

"வாத்துக்கறின்னா சொல்லிடுங்க. சொந்தபந்தத்தையே தின்ன பாவம் அதுகளுக்கு வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. கஞ்சியும் ஊறுகாயுமாக இரண்டு நாள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக உடுத்த வெள்ளை முண்டு வேண்டியிருந்தது. இடவ மாதப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் அந்தப் பக்கத்தில் ஃப்ரிட்ஜின் முதுகில் துணி காயாத வீடு கிடையாது. சோசாம்மாவும் காயவைப்பாள். அவள் செய்ததைத்தானே செய்கிறோம் என்று அவரும் ஒரு வாரமாக முண்டுகளையும் துண்டுகளையும் பின்னால் செருகி வைத்திருந்தார். இப்போது கையைவிட்டு இழுத்தார், வரவில்லை. சுவருக்கும் பின்கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. தொட்ட விரல் சுட்டது. துணியில் போட்ட கஞ்சி கருகிய வாடை அடித்தது.

வந்த கோபத்தில் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து முன்னால் இழுத்தார்.

அது நகர்ந்த இடத்தில், சிவப்புத் தரையில், காலடித் தடம் போல வட்டமான கறைகள் தெரிந்தன. பெட்டியின் கால்கள் நின்ற அடையாளம். சுவரை ஒட்டி நான்கு. அவற்றுக்கு முன்னால் இன்னும் நான்கு, அதே அளவுக்குத் தேய்ந்து. சுவரில் பெட்டியின் இரு புறமும் ஆணி. ஒன்றில் கயிற்றுத் துண்டு தொங்கியது.

அலமாரியிலிருந்து அளவுநாடாவை எடுத்துவந்து இரண்டு தடங்களுக்கும் இடையே அளந்தார். பதினான்கு அங்குலம்.

மழைக்காலம் முழுக்க இந்தப் பெட்டி அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அவர் தினமும் கால்விரலை இடித்துக்கொண்டு கத்துவார். "மழை போனதும் தள்ளிடறேன்" என்பாள் சோசாம்மா. ஏன் இழுத்தாய் என்று அவர் கேட்டதில்லை. கயிற்றில்தான் துணி போடுவாள், கம்பிமேல் அல்ல என்பதையும் பார்த்ததில்லை. ஜெபத்தன்று பெஞ்சு போட இடம் வேண்டுமென்று அவரே பெட்டியைச் சுவரோடு ஒட்டத் தள்ளினார். இப்போதுதான் அறை நேராக இருக்கிறது என்றும் நினைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ" என்றார், சமையலறையைப் பார்த்து. துண்டுகளை உருவி எறிந்துவிட்டு, கம்பியின் சூடு வெளியேற இடம் விட்டு, பெட்டியின் கால்களை முன்கறைகளின் மேல் சரியாக உட்காரவைத்தார். அன்று அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை லிஜி வந்ததும் நேராக ஃப்ரிட்ஜைத்தான் திறந்தாள். இரண்டு தண்ணீர் பாட்டில், பாதி எலுமிச்சம்பழம்.

"டப்பாவெல்லாம் எங்க?"

"பொன்னப்பனோட வாத்து தின்னுடுச்சு. பெட்டி குளிரல. நான்தான் சரி பண்ணேன். தொட்டுப் பாரு."

தொட்டாள். பின்னால் எட்டிப் பார்த்தாள். "இழுத்துப் போட்டீங்களா? அம்மச்சி இடவ மாசம் பொறந்தா முதல் வேலையா இழுத்துப் போடுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொல்லல."

"நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தது நீங்களா, நானா?"

இட்டியவிரா ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். "கெட்டுப்போன பெட்டியில பத்து நாள் குடுத்தே. நல்ல பெட்டியில பத்து நாள் குடு" என்றார்.

"ரெண்டு டிக்கெட் போட்டாச்சு அப்பச்சா."

படகுத்துறையில் வாங்கிவந்த மீன் பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியின் காலில் அவள் விரல் நங்கென்று இடித்தது. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "நடுவீட்டுல இதை எப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"மழை போனதும் தள்ளிடறேன்" என்றார் இட்டியவிரா.

லிஜி விரலைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்வது எப்படி என்று தேடத் தொடங்கினாள்.

"பத்தே நாள்தான்" என்றாள், நிமிராமல்.