ஹவ்வாஉம்மா சமைக்காத கலியாணம்

பொறாமையில்தான் ஹவ்வாஉம்மா தன் காக்கா, அதாவது அண்ணன், மகளின் கலியாணத்துக்குச் சமைக்கவில்லையாம். யார் சொன்னாலும் அது பொய். நான் பக்கத்து வளவுக்காரி, எனக்குத் தெரியும். எண்பத்திரண்டாம் ஆண்டு, அந்தக் கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவளுக்கு நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு, வந்து சுகமானது. ஆனால் கிருமி இன்னும் வயிற்றில் இருக்கிறது, அது போகும்வரை பிறருக்குச் சமைக்காதே என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார்.

காக்கா வந்து கெஞ்சினார். "ஊரெல்லாம் உன்ர கைச்சோறு தின்னுது. என்ர மகளுக்கு மட்டும் இல்லையா?"

"ஒரு சஹன் தட்டுச் சோத்தில ஆறு பேர் கை வைப்பாங்க காக்கா. என்ர கிருமி ஆறு வீட்டுக்கும் போகும்."

"சவுக்காரம் போட்டுக் கழுவன்."

"கழுவுறன்தான். டாக்குத்தர் ஓம் எண்டாத்தான் வருவன்."

காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இனி இவளை யார் சமையலுக்குக் கூப்பிடுவார்கள் என்று நான்கூடப் பயந்தேன். வேறு ஆள் ஆக்கிய கலியாணச் சோறு அடிப்பிடித்தது. ஆனால் தின்ற ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மூன்று மாதத்தில், கிருமி போய்விட்டது, இனிச் சமைக்கலாம் என்று டாக்குத்தர் ஓம் சொன்னார். மறுநாளே காக்கா மகள் மசக்கையோடு வந்து நின்றாள்.

"மாமி, வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்ல. எங்கட ஊட்ட வந்து ஆக்கித் தாங்க."

ஹவ்வாஉம்மா கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை சவுக்காரம் போட்டாள்.

"போதும் மாமி, தோல் உரியப் போகுது."

"உரியட்டும் புள்ள."

ஈரக் கையில் அகப்பையை எடுத்துக்கொண்டு, அவள் சிரித்தபடி வாசலைத் தாண்டினாள்.