தள்ளி அறுக்கும் ரம்பம்

1973, ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. நேரத்தை நாட்குறிப்பில் எழுதவில்லை. அன்று எழுதும் நிலையில் நான் இல்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு ரம்பம் செய்து முடித்திருந்தேன். புத்தக அலமாரி ஒன்றை என் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆசை. மரவாடியில் கழித்துப்போட்ட ரம்பப் பட்டையில் ஒன்றரை அடி வாங்கி, தேய்ந்த பற்களை அராவி எடுத்துவிட்டு, முக்கோண அரத்தால் புதிதாகப் பல் வெட்டினேன். ஒன்பது மாலைகள் ஆயின. நூலகத்து ஆங்கிலப் புத்தகத்தின் படத்தில் இருந்தபடியே, பற்களின் முனை கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. தள்ளினால் அறுக்கும்.

முன்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் காட்டினேன். அவருடைய ரம்பம் இழுத்தால் அறுப்பது.

“இன்னா சார், பல்லு அந்தாண்ட பாத்துக்கினு கீது? இஸ்தாதான் கைக்கு அடங்கும்.”

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“அப்ப புக்கையே அறுக்கச் சொல்லு சார்” என்றார்.

அந்த வியாழக்கிழமை மனைவி தண்ணீர் அடிக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். மூன்று வயது மகள் சமையலறையில் மணையை இழுத்துப் போட்டு ஏறி, உள்தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். திரும்ப இழுக்கத் தெரியவில்லை. உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ் தரையில் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் சாதம் கொதித்தது. கதவை உடைக்கலாம், ஆனால் அதை ஒட்டியே குழந்தை நின்றாள். தச்சர் அன்று வரவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. மரக்கம்பிகள் நெருக்கமானவை, முழங்கை வரைதான் கை போயிற்று. ஒரு கம்பியை எடுத்துவிட்டால் தாழ்ப்பாள் எட்டும். ஓடிப்போய் ரம்பத்தை எடுத்துவந்தேன்.

குழந்தை ஸ்டவ் பக்கம் போய்விடாமலிருக்க, மனைவி கம்பிகளுக்கிடையே கைவிட்டு அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். அதனால் குழந்தையின் முகம் ஜன்னலுக்கு நேரே, நான் அறுக்கும் இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்றது. நான் தள்ளினேன். மழையில் ஊறிய மரம் பட்டையைக் கவ்வியது. இன்னும் பலமாகத் தள்ளினேன். பட்டை திடீரென்று விடுபட்டு உள்ளே பாய்ந்தது. குழந்தையின் காதோரத்து மயிர் அசைந்ததைப் பார்த்தேன்.

“எனக்கும் ரம்பம்” என்றாள் அவள்.

அவளை விட்டுவிடச் சொன்னால் ஸ்டவ். பிடித்திருந்தால் ரம்பம். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையிடம் ஏதோ காக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் துளியும் மாறாமல்.

கம்பி இடுக்கில் நுழைவதற்காகக் கைப்பிடியைத் தரையில் தட்டிக் கழற்றினேன். பட்டையின் மறுமுனையில் துண்டைச் சுற்றிப் பிடித்தேன். இப்போது பற்கள் என் பக்கம் பார்த்தன. இழுத்தேன். மரத்தூள் என் சட்டையில் விழுந்தது. கம்பி அறுபட எத்தனை இழுப்பு ஆயிற்றென்று எண்ணத் தோன்றவில்லை. துண்டைத் தாண்டி உள்ளங்கை கிழிந்ததும் பிறகுதான் தெரிந்தது. கீழே அறுபட்டதும் கம்பியைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கினேன்.

என் தோள் அந்த இடைவெளியில் நுழையவில்லை. தாழ்ப்பாளை எட்ட மனைவிதான் தோள்வரை கையை நுழைக்க வேண்டும். அதற்குக் குழந்தையை விட வேண்டும். விட்டாள்.

சாதம் பொங்கிச் சுடர் சீறியது. சத்தம் கேட்டுக் குழந்தை திரும்பி, அதை நோக்கி நடந்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒருமுறை நழுவியது. மறுமுறை திறந்தது. நான் உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கியபோது, அவள் பாவாடை நுனிக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவே ஒரு அடிகூட இல்லை.

மனைவி ஸ்டவ்வை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். பிறகு, “ஏன்னா, அந்தத் தாழ்ப்பாளை இப்பவே கழட்டிடுங்கோ” என்றாள்.

நான்கு திருகாணிகள்தான். கிழிந்த உள்ளங்கையில் திருப்புளி நழுவிக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதும் இரண்டு ஆணிகள் கதவில் பாக்கியிருந்தன.