காமாட்சி காய்ச்சிய ஹாம் சூப்

காமாட்சி இறந்துவிட்ட செய்தியை அவளுடைய கணவர் ஜோசப்பே கொண்டுவந்தார். மலாக்காவின் செமாபோக்கில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் கீழே இறங்கவில்லை. “காமாட்சி போயி…” என்று தமிழில் தொடங்கினார். முடிக்க வரவில்லை. மீதியை மலாயில் சொன்னார். விடியும் நேரத்தில் நெஞ்சு வலியாம். தாங்க முடியாமல் போகும்வரை அவள் யாரையும் எழுப்பவில்லையாம். எத்தனையோ பேருடைய நெஞ்சு வலிக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்.

ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்த உங்களுக்குக் காமாட்சி மிசியின் வேக நடையும், டாக்டரையே அதட்டும் குரலும் நினைவிருக்கும். அவளோடு ஒரே வார்டில் தாதியாக இருந்த எனக்கும் அவை நினைவிருக்கின்றன. ஆனால் இந்த இரண்டு நாளாக என் மனம் காஜா பேராங்கில் இருந்த அவளுடைய சமையற்கட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த சைவக் குடும்பத்தில் பிறந்தவள் காமாட்சி. அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஜோசப், போர்த்துக்கீசிய வழிவந்த மலாக்கா கிறிஸ்தவர், செரானி. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். “இனி எனக்கு மகள் இல்லை” என்று அவள் அப்பா கடையில் நின்றபடியே சொல்லிவிட்டார். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஜோசப்பின் தாயார் மேரி ஆன்டியும் கூடவே வந்தார்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் மேரி ஆன்டி வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவருக்கு எதுவும் இறங்கவில்லை. ஆண்டுதோறும் தாம் காய்ச்சும் ஹாம் சூப் மட்டும் வேண்டும் என்றார். ஹாம் என்பது உப்பிட்டுப் புகையிட்ட பன்றித் தொடை. ஜோசப்புக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது. காமாட்சியோ பிறந்ததிலிருந்து இறைச்சியைக் கையால் தொட்டதில்லை.

“நான் காய்ச்சறேன். ஆனா வாயில வைக்க மாட்டேன். ரெண்டுக்கும் சம்மதம்னா போயி எலும்ப வாங்கிட்டு வாங்க” என்றாள்.

கட்டிலில் இருந்தபடி ஆன்டி மலாயில் சொல்லச் சொல்ல, இவள் செய்தாள். முந்தின நாளே வெள்ளை பீன்ஸை ஊறப் போட்டாள். ஆனால் உப்பை மட்டும் சாம்பாருக்குப் போடுகிற அளவில் போட்டுவிட்டாள். ஆன்டி ஒரு கரண்டி குடித்துவிட்டு, “கடலையே காய்ச்சிக் கொண்டுவந்துட்டியா, சாயாங்?” என்று செல்லமாகக் கேட்டார். காமாட்சிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வார்டில் என்னைப் பிடித்தாள். “தெரேசா, நீ வேதக்காரி. எல்லாம் சாப்பிடுவ. கை என்னோடது, நாக்கு உன்னோடது. சாயந்திரம் வந்துடு லா.”

அப்படித்தான் அந்த வீட்டின் நாக்கு ஆனேன். ஹாம் எலும்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பாள். ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். வெங்காயம், காரட், மிளகு போட்டு, பீன்ஸ் குழையும்வரை சிறு தீயில் விடுவாள். கொஞ்சம் பீன்ஸை மசித்துச் சேர்த்தால் சூப் கெட்டிப்படும். நான் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் உப்பு ஜாடியைத் திறப்பாள். நாளடைவில் ஆவியை முகர்ந்தே, “இன்னைக்கு உப்பே வேணாம், சரியா?” என்று கேட்கத் தொடங்கினாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆன்டி எழுந்து கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். ஆனாலும் சூப் காய்ச்சும் வேலை காமாட்சியிடமே இருந்துவிட்டது.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில், ஊரெங்கும் கொடி கட்டியிருந்தபோது, அவளுடைய அப்பாவைக் கடும் காய்ச்சலோடு எங்கள் வார்டில் சேர்த்தார்கள். நாடி பார்க்கப் போன காமாட்சியைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். “பன்னிக் கறி தொட்ட கையால என்னைத் தொடாதே” என்றார். வார்டு முழுக்கக் கேட்டது.

“கையைக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேம்பா. நாடி பாக்கணும்” என்றாள் காமாட்சி. அவர் கையைத் தரவில்லை. என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் தேடிப் போனபோது குழாயடியில் நின்று, தோல் சிவக்கச் சிவக்கக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் குழாயை மூடினேன்.

அன்று மாலை மேரி ஆன்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் திரிஷா என்னும் சைக்கிள் ரிக்ஷாவில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார் ஆன்டி. ஒரு கையில் தடி, மறு கையில் புதுத் தூக்குச்சட்டி. கட்டிலருகே நின்று, கடை முதலாளிக்குரிய ‘தவுக்கே’ என்ற விளியோடு மலாயில் பேசினார்.

“தவுக்கே, இதில் ஹாம் இல்லை. புதுப் பானையில் பீன்ஸும் காய்கறியும் மட்டும் போட்டு நானே காய்ச்சினேன். உங்கள் மகள் என் வீட்டில் ஒரு சொட்டு இறைச்சி சூப் குடித்ததில்லை. குடி என்று நானும் சொன்னதில்லை. அங்கேயும் அவள் உங்கள் மகளாகத்தான் இருக்கிறாள்.”

பதிலுக்குக் காத்திருக்காமல், தூக்குச்சட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

சாயங்காலம் காமாட்சி சட்டியை எடுக்கப் போனாள். காலியாக இருந்தது.

“யாரு காய்ச்சினது?” என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

“மாமியாரு.”

“உப்பே இல்ல.”

“அவங்களுக்கு ஹாம் போட்டுத்தான் பழக்கம்பா, உப்பு அதுலயே இருக்கும்” என்று சொன்னவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

போர்வைக்குள் அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். காமாட்சி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிகாரத்தை அவள் பார்க்கவே இல்லை.

அன்றிரவு வீட்டில் பானையில் மீதமிருந்த சூப்பை மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். “இன்னைக்கு உன் நாக்குக்கு லீவு” என்று காமாட்சி என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டாவது கிண்ணத்தையும் நிரப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அப்பாவின் கடைக்குப் போய்வந்தாள். அப்பாதான் காஜா பேராங் வீட்டுப் படி ஏறவில்லை. நேற்றுத்தான் ஏறினார். மேரி ஆன்டி தமக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பெட்டியை எடுக்கும்வரை அந்த இரண்டு முதியவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா திட்டிய அன்று நான் அவளிடம், “வேற வார்டு கேளேன் காமு, கொடுப்பாங்க” என்று சொன்னேன். “கேக்கலாம். அப்புறம் அவரு மனசு மாறினா, நான் பக்கத்துல இருக்க மாட்டேனே” என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். மூவாரில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். என்னோடு பேச்சை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போக பஸ் ஏறுகிறேன்.